கேள்வியால் காக்கப்பட்ட பணம்

மாதச் சம்பளம் வந்ததும் பிரீமியத் தொகையை முதலில் எடுத்து வைப்பது, கல்கத்தாவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பழைய வழக்கம். டல்ஹவுசி சதுக்கத்துக் கம்பெனிகளில் சுருக்கெழுத்தாளராகவும் கணக்கராகவும் பணியாற்றிய நம் முன்னோர் பலருக்கு ஊரில் நிலமில்லை. இங்கும் சொந்த வீடில்லை. மனைவி மக்களுக்கு ஆயுள் பாலிசி ஒன்றே அரணாக இருந்தது. அத்தகைய பணத்தின் பொருட்டு, 1957ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் டில்லிப் பாராளுமன்றத்தில் நிகழ்ந்த விவாதத்தை நம் இளைய தலைமுறையினருக்கு எடுத்துக் கூற விழைகிறோம்.

தேசவுடைமையாக்கப்பட்ட ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் கார்ப்பரேஷன், 1956 செப்டம்பர் முதல் நாள் தோன்றியது. ஓராண்டு நிறையுமுன்னரே, 1957 ஜூன் மாதத்தில், கல்கத்தா வர்த்தகர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளின் பங்குகளைச் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்கு அது வாங்கிற்று. நம் நகரத்து ஜெஸப் கம்பெனியும் அவற்றுள் ஒன்று. முந்த்ராவோ அப்போது பண நெருக்கடியில் இருந்தார். கார்ப்பரேஷனின் முதலீட்டுக் குழுவைக் கலந்து ஆலோசிக்கவில்லை. சில பங்குகளுக்குச் சந்தை விலையினும் மிகுதியாகவே கொடுக்கப்பட்டது.

மக்களவை கூடும் நாளில் முதல் ஒரு மணி நேரம் கேள்விகளுக்கு உரியது. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று விடை கூற வேண்டும். அவ்விடையைப் பற்றித் துணைக் கேள்விகளும் எழலாம். எழுதிவைத்த விடையை வாசித்துவிடுவது எளிது; துணைக் கேள்விக்கு விடை சொல்வதே கடினம்.

முந்த்ரா விவகாரமும் முதலில் கேள்வியாகவே சபைக்கு வந்தது. விடைகளால் ஐயம் தீரவில்லை. ஆகவே டிசம்பர் 16 அன்று பெரோஸ் காந்தி விவாதத்தைத் தொடங்கினார். அவர் ஆளுங்கட்சி அங்கத்தினர். பிரதமர் நேருவின் மருமகனுமாவார். பாராளுமன்றம் படைத்த நிறுவனத்தைப் பாராளுமன்றமே கண்காணிக்க வேண்டும் என்பது அவர் வாதம். விடை கூற வேண்டியிருந்த நிதியமைச்சரோ சென்னையின் பிரதிநிதியான டி. டி. கிருஷ்ணமாச்சாரி.

பின்னர் பம்பாய்த் தலைமை நீதிபதி எம். சி. சக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடத்தி, 1958 பிப்ரவரியில் அறிக்கை அளித்தார். தம் செயலாளர் செய்ததற்கு அமைச்சரே பொறுப்பாளி என்று அவர் முடிவு கூறினார். அதே மாதத்தில் கிருஷ்ணமாச்சாரி பதவி துறந்தார்.

நம்மவர் ஒருவர் உயர்ந்த பதவியிலிருந்து இறங்க நேர்ந்தது வருத்தத்திற்கு உரியதே. அவர் 1962இல் மீண்டும் அமைச்சரவையில் இடம் பெற்றதையும் மறத்தல் ஆகாது. எனினும் நம்மவர் என்ற பாசம் வேறு. நம் பணத்திற்குக் கணக்குக் கேட்கும் உரிமை வேறு. ஏழைக் குமாஸ்தாவின் பிரீமியத்திற்காகப் பிரதமரின் மருமகனே தம் கட்சி அரசாங்கத்தைக் கேள்வி கேட்டார் என்பதன்றோ குடியரசின் பெருமை!

கல்கத்தாவில் வாக்களிக்கும் நமக்கு இந்நகரத்து அங்கத்தினரே பிரதிநிதி. அவர் வங்காளியராயின் என்ன? பென்ஷன், ரயில், இன்ஷ்யூரன்ஸ் முதலியவற்றில் நமக்குள்ள குறைகளைத் திண்ணையில் பேசி முடித்துவிடாமல், அவருக்குத் தெளிவாக எழுதுவோம். நாம் எழுதும் கடிதம் நாளை பாராளுமன்றத்தில் ஒரு கேள்வியாக எழக்கூடும்.