கொசுவுக்கும் ஒரு பட்டைக்கோடு

புதுச்சேரியில் பெரிய வாய்க்கால் ஓரமாக மாலையில் நடந்திருக்கிறீர்களா? கொசுவை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

கொசுவின் பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான். (இயற்பியல்காரனுக்குக் கொசுவை அடிக்கத்தான் தெரியும்!) ஆனால் யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு சாக்கடையில் வளர்கிறது, டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் வளர்கிறது. ஆளை மாற்றிப் புரிந்துகொண்டால் மருந்து தவறான இடத்தில் விழும்.

சிறகிலுள்ள செதில், காலிலுள்ள வெள்ளை வளையம் ஆகியவற்றை உருப்பெருக்கியில் பார்த்துத்தான் இனம் பிரிப்பார்கள். பொறியில் சிக்கிய கொசுவோ செதில் உதிர்ந்து, கால் ஒடிந்து கிடக்கும். அப்போது என்ன செய்வது?

அந்த ஒடிந்த காலே போதும். அதன் செல்களில் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள் உள்ளன. அவற்றுக்குத் தனி டி.என்.ஏ. உண்டு. அதில் ஏறக்குறைய 650 எழுத்து நீளமுள்ள ஒரு பகுதியைப் பல கோடிப் படிகள் எடுத்து வாசிக்கிறார்கள். எழுத்துகள் நான்கே: ஏ, டி, ஜி, சி. ஒரே இனத்துக்குள் இவற்றின் வரிசை அநேகமாக மாறாது; இனம் மாறினால் மாறிவிடும். கடைப் பொட்டலத்தின் பட்டைக்கோடு போல இதைப் பயன்படுத்தலாம் என்று 2003இல் சொன்னவர் கனடாவின் பால் ஹீபர்ட். புழுப் பருவத்திலும் இந்த வரிசை அதேதான்!

நம் ஊரில் 1975இல் தொடங்கிய, நோய் பரப்பும் பூச்சிகளுக்கான ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் இதை 63 இந்தியக் கொசு இனங்களில் சோதித்து, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். ஓர் இணையைத் தவிர மற்றவை தெளிவாகப் பிரிந்தன.

அந்த இணை எது தெரியுமா? பரங்கிப்பேட்டையின் பழைய பெயரான போர்ட்டோ நோவோவைத் தாங்கிய போர்ட்டோநோவோயென்சிஸ் ஒன்று, வார்டி மற்றொன்று. உருப்பெருக்கியில் இவை இரண்டு இனங்கள். பட்டைக்கோட்டிலோ வேறுபாடு ஆயிரத்துக்கு நான்கு எழுத்து அளவுதான்.

எனக்குச் சோடியம் விளக்கு நினைவுக்கு வருகிறது. மட்டமான நிறமாலைமானியில் அதன் மஞ்சள் ஒளி ஒரே கோடு. நல்ல கருவியில் 5890, 5896 ஆங்ஸ்ட்ராம் என இரண்டாகப் பிரியும். இந்தக் கொசுக்களும் அப்படிச் சேர்ந்து தெரியும் இரு கோடுகளா, அல்லது ஒரே கோட்டுக்கு நாம் வைத்த இரண்டு பெயர்களா? அதைச் சொல்ல 650 எழுத்து போதாது. வேறு மரபணுக்களையும் வாசிக்க வேண்டும். உருப்பெருக்கியையும் மறுபடி எடுக்க வேண்டும்.