உங்களைப் பற்றிய கடிதத்தை நீங்கள் படிக்கலாமா?

ஈஜிபுராவில் குடியிருக்கும் நண்பர் ஒருவர், மகளின் விண்ணப்பப் பாரத்தோடு வந்தார். மகள் அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க மனுப் போடுகிறாள். பாரத்தில் ஒரு கேள்வி. பேராசிரியர் எழுதும் சிபாரிசுக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கச் சம்மதமா?

"இதென்ன சார், ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிறார்களே!" என்றார் நண்பர்.

நியாயமான கேள்விதான்.

பக்லி கொண்டுவந்த சட்டம்

1974-ம் ஆண்டில் செனட்டர் ஜேம்ஸ் பக்லி கொண்டுவந்த சட்டம், கல்லூரியில் தன்னைப் பற்றி இருக்கும் பதிவேடுகளை மாணவர் பார்க்கலாம் என்றது. மாணவர் படிப்பார் என்றால் யார் மனம் விட்டு எழுதுவார்கள் என்று எதிர்ப்புக் கிளம்பியது. அதே ஆண்டு டிசம்பரில் திருத்தம் வந்தது. மாணவர் விரும்பினால் கையெழுத்துப் போட்டு அந்த உரிமையை விட்டுவிடலாம். ஆனால் இடம் கொடுக்க அதை நிபந்தனை ஆக்கக்கூடாது.

இதில் ஒரு வேடிக்கை. பார்க்கும் உரிமை கல்லூரியில் சேர்ந்துவிட்டவருக்குத்தான். இடம் கிடைக்காதவருக்கு இல்லை. தெரிந்துகொள்ளத் தவிப்பவரே அவர்தானே!

நம் நாட்டில் இதற்கு நெருக்கமானது விடைத்தாள் வழக்கு. 2011 ஆகஸ்டு 9-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு அதில் தீர்ப்பு அளித்தது. தீர்ப்பு கூறியவர்கள் நீதிபதிகள் ஆர்.வி.ரவீந்திரன், ஏ.கே.பட்நாயக். இவர்களில் ரவீந்திரன் முன்பு கர்நாடக ஐகோர்ட்டில் நீதிபதியாக இருந்தவர். தகவல் உரிமைச் சட்டப்படி மாணவர் தன் விடைத்தாளைப் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். திருத்தியவர் பெயர் மட்டும் வெளியே வராது.

"நீயே எழுதிக்கொண்டு வா"

நம் கல்லூரிகளில் நடப்பதே வேறு. "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்கிற ஆசிரியர்கள் எத்தனை பேர்! ரகசியக் கடிதத்தை மாணவரே எழுதினால் அதில் ரகசியம் ஏது? இப்போது பல்கலைக்கழகங்கள் ஆசிரியரின் இமெயிலுக்கே நேராகக் கேட்டு அனுப்புகின்றன. அதற்கும் சில பிள்ளைகள் ஆசிரியர் பெயரில் போலி முகவரி தொடங்குகிறார்கள். பிடிபட்டால் கிடைத்த இடமும் போய்விடும்.

விட்டுக்கொடுப்பதாகவே குறிக்கச் சொன்னேன். ஒளிவு மறைவின்றி எழுதிய கடிதத்துக்குத்தான் அங்கே மதிப்பு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் அதற்கு முன், "என்னைப் பற்றி நல்லபடியாக எழுத முடியுமா சார்?" என்று பேராசிரியரிடம் நேரில் கேட்டுவிட வேண்டும். அவர் தயங்கினால் வேறு ஒருவரைப் பார்ப்பதே மேல்.

நண்பர் அங்கிருந்தே மகளுக்குப் போன் போட்டார். பட்டியலில் முதலாவதாக இருந்த பெயரை அவள் அப்போதே எடுத்துவிட்டாள்.