ஆம்பர்ஜாக் மீன்பிடிப் பிரயாணமும் அதற்குரிய முன்னேற்பாடுகளும்

ஐக்கிய அமெரிக்க நாட்டின் தென்கரையில், மெக்சிகோ வளைகுடாவை நோக்கி அமைந்துள்ள டெஸ்டின், பென்சகோலா, ஆரஞ்சு பீச் முதலிய துறைகளில், பொழுதுபோக்கிற்காக மீன்பிடிக்க விரும்புவோரை ஆழ்கடலுக்கு அழைத்துச் செல்லும் வாடகைப் படகுகள் பல உள்ளன. அப்பகுதியின் நன்கறிந்த படகுத் தலைவர் ஒருவரும், தூண்டில் கட்டவும் மீனைப் படகிலேற்றவும் உதவும் துணையாள் ஒருவரும் பிரயாணிகளுடன் செல்வது வழக்கம். இத்தகைய பிரயாணங்களில் பெரிதும் நாடப்படும் மீன்களுள் ஒன்று ஆம்பர்ஜாக் ஆகும். பிரயாணத்திற்கு முன்பதிவு செய்தல் என்பது நாளையும் கட்டணத்தையும் உறுதி செய்யும் சிறு காரியமாகவே பலருக்கும் தோன்றும். ஆயினும், பிடிக்கப்படும் மீனைச் சட்டப்படி கரைக்குக் கொண்டுவர இயலுமா, திருப்பி விடப்படும் மீன் பிழைக்குமா என்னும் இரு வினாக்களுக்கும் விடை, பெரும்பாலும் கரையில் செய்யப்படும் இந்த ஏற்பாட்டிலேயே அடங்கியுள்ளது. இதன் காரணங்கள் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

மீனின் இயல்பு

ஆம்பர்ஜாக், நம் நாட்டுக் கடற்கரைகளில் 'பாரை' என வழங்கும் மீன்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் விஞ்ஞானப் பெயர் செரியோலா டூமெரிலி. அட்லாண்டிக் பெருங்கடல், மத்தியதரைக் கடல் ஆகியவற்றில் மட்டுமன்றி, இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக் பெருங்கடலின் மேற்குப் பகுதியிலும் இது காணப்படுகிறது. நீண்டு திரண்ட உடலும் பிளவுபட்ட வாலும் உடையது. உடலின் பக்கவாட்டில் அம்பர் நிறக் கோடு ஒன்று தலையிலிருந்து வாலை நோக்கிச் செல்லும். கண்ணின் வழியே கருநிறப் பட்டை ஒன்று முதுகுத் துடுப்பின் தொடக்கத்தை நோக்கிச் சாய்வாக ஏறும். மீன் இரை தேடும்போது இப்பட்டை மேலும் தெளிவாகத் தோன்றும்.

இளமீன்கள் கடலின் மேற்பரப்பில் மிதக்கும் சர்காசம் என்னும் கடற்பாசித் திரள்களின் நிழலில் வாழ்கின்றன. வளர்ந்தபின் அவை ஆழத்திற்குச் சென்று, பாறைத் திட்டுகளையும் மூழ்கிய கப்பல்களையும் எண்ணெய்க் கிணற்று மேடைகளின் கால்களையும் சுற்றித் திரள்கின்றன. வளர்ச்சி விரைவானது; ஆயுள் 15 ஆண்டுகள் வரை நீடிக்கக்கூடும். பெண் மீன்கள் ஆண் மீன்களைவிடப் பெரியனவாக வளர்வதால், மிகப் பெரிய மீன்களுள் பெரும்பாலானவை பெண் மீன்களே. எனவே, பெரிய மீனையே பிடிக்க வேண்டும் என்னும் ஆர்வம், முட்டையிடும் மீன்களின் மீதே பெரும்பாலும் பாய்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

பிரயாணத்தின் கால அளவு

முன்பதிவு செய்வோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது கால அளவு. ஆம்பர்ஜாக் கரையோரத்தில் கிடைக்கும் மீன் அன்று. பென்சகோலாவுக்கு அப்பால், 2006-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் தேதி, 'ஒரிஸ்கனி' என்னும் பழைய விமானந்தாங்கிக் கப்பல் செயற்கைப் பாராக அமையுமாறு மூழ்கடிக்கப்பட்டது. மீனவர் 'பார்' என வழங்கும் கடலடிப் பாறைத் திட்டின் வேலையை இன்று அக்கப்பல் செய்து வருகிறது. ஆம்பர்ஜாக் திரளும் இடங்களுள் இதுவும் ஒன்று. கப்பல் கிடக்கும் ஆழம் ஏறத்தாழ 65 மீட்டர். கரையிலிருந்து தொலைவு ஏறத்தாழ 35 கிலோமீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் படகு இவ்விடத்தை அடைய 1 மணி 24 நிமிஷம் ஆகும். திரும்பவும் அதே நேரம். ஆகவே, நான்கு மணி நேரப் பிரயாணத்தில் மீன்பிடிக்க எஞ்சுவது ஒரு மணி நேரத்திற்குச் சற்று அதிகமே. அரைநாள் பிரயாணத்தைப் பதிவு செய்துவிட்டு ஆம்பர்ஜாக் கிடைக்கவில்லை என வருந்துவோர், படகுத் தலைவரைக் குறை கூறுவதற்கு முன் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தல் நன்று. ஆறு அல்லது எட்டு மணி நேரத்திற்குக் குறையாத பிரயாணமே இம்மீனுக்கு ஏற்றது.

செயற்கைப் பார் அமைக்கும் முயற்சி இப்பிரதேசத்தில் புதியதன்று. அலபாமா மாநிலத்தில் ஆரஞ்சு பீச் வாடகைப் படகுத் தலைவர்களின் முயற்சியால், 1953-ஆம் ஆண்டிலேயே 250 பழைய மோட்டார் வண்டிக் கூடுகள் கடலில் இறக்கப்பட்டன.

படகும் அனுமதியும்

படகுகள் இருவகைப்படும். ஒரு குழுவினர் முழுவதுமாக வாடகைக்கு அமர்த்தும் சிறு படகு ஒன்று. ஆளுக்கு இவ்வளவு எனக் கட்டணம் பெற்றுப் பலரை ஏற்றிச் செல்லும் பெரிய படகு மற்றொன்று. அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் விதிகளின்படி, அதன் பரிசோதனைச் சான்று பெறாத சிறு படகுகள் கட்டணம் செலுத்தும் பிரயாணிகளை ஆறு பேருக்கு மேல் ஏற்றலாகாது. அப்படகைச் செலுத்துபவரும் அதற்குரிய உரிமம் பெற்றிருத்தல் அவசியம். ஏழாவது ஆளையும் ஏற்றிக்கொள்வதாக ஒரு சிறு படகின் தலைவர் கூறுவாராயின், அது சலுகையன்று. உயிருக்கு ஆபத்தை விளைவிக்கும் சட்டமீறல் ஆகும்.

மத்திய அரசுக்குரிய கடற்பகுதியில் பாறை மீன்களைப் பிடிக்கப் பிரயாணிகளை அழைத்துச் செல்லும் படகிற்குத் தனியே ஓர் அனுமதியும் வேண்டும். 2003-ஆம் ஆண்டில், மெக்சிகோ வளைகுடாவில் இத்தகைய அனுமதிகளைப் புதிதாக வழங்குவது நிறுத்தப்பட்டது. ஆதலால், வாடகைக்குக் கிடைக்கும் எல்லாப் படகுகளும் ஆம்பர்ஜாக் பிடிக்கத் தகுதி பெற்றவை அல்ல. அனுமதி உண்டா என்பதைப் பதிவின்போதே கேட்டறிவதும், காற்றும் அலையும் மிகுந்து பிரயாணம் ரத்தானால் முன்பணம் திருப்பித் தரப்படுமா, வேறு நாள் ஒதுக்கப்படுமா என்பதைத் தெளிவு செய்துகொள்வதும் முறையாகும். கடலின் நிலையைக் கண்டு புறப்பட மறுக்கும் தலைவரே நம்பத்தக்கவர்.

பருவமும் அளவும்

அடுத்தது நாள். எந்த நாளில் சென்றாலும் மீனைக் கொண்டுவரலாம் என்னும் நிலை இல்லை. வளைகுடாவின் ஆம்பர்ஜாக் இருப்பு அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுக் குறைந்துவிட்டது என 2001-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. 2003-இல் அதை மீட்பதற்கான திட்டம் வகுக்கப்பட்டது. ஆயினும், அதன்பின் 2020-இல் நிறைவுற்ற மதிப்பீடும் இருப்பு மீளவில்லை என்றே காட்டியது. இம்மீனைப் பிடிப்பதில் தொழில்முறை மீனவரின் பங்கைவிடப் பொழுதுபோக்காக மீன்பிடிப்போரின் பங்கே பெரிது. ஒருவர் ஒரு நாளில் ஒரு மீன் பிடிப்பது அற்பமாகத் தோன்றினும், ஆயிரக்கணக்கான பிரயாணங்களில் அது பெருந்தொகையாகிறது.

கட்டுப்பாடுகள் படிப்படியாக இறுகி வந்த வரலாறு இதனை விளக்கும். 1990-இல் குறைந்தபட்ச நீளம் 28 அங்குலம் என்றும், ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று மீன்கள் என்றும் விதிக்கப்பட்டது. 1997-இல் மூன்று என்பது ஒன்றாயிற்று. நீளம் 2008-இல் 30 அங்குலமாகவும், 2016-இல் 34 அங்குலமாகவும் உயர்த்தப்பட்டது. 34 அங்குலம் என்பது ஏறத்தாழ 86 சென்டிமீட்டர். ஒரு பெண் மீன் பிடிபடுவதற்கு முன் முட்டையிடும் வாய்ப்பைப் பெறவேண்டும் என்பதே இவ்வுயர்வின் நோக்கம். படகுத் தலைவரும் துணையாளும் தம் பங்காக ஒரு மீனையும் வைத்துக்கொள்ளலாகாது. ஆகவே, ஆறு பிரயாணிகள் செல்லும் படகு, பருவகாலத்திலும் ஆறு மீன்களுக்கு மேல் கொண்டுவர இயலாது.

வளைகுடாவில் இம்மீன் வசந்தகாலத்தில் பெரிதும் முட்டையிடுகிறது. இதனை முன்னிட்டு, மார்ச்சு முதல் மே வரை தொழில்முறை மீன்பிடிப்பு 1998-ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது. பொழுதுபோக்கு மீன்பிடிப்பிற்கு ஆகஸ்டு முதல் அக்டோபர் வரையும், மே மாதமும் என 2018-இல் வகுக்கப்பட்ட பருவமும், மீன் ஒதுக்கீடு குறைக்கப்பட்டதனால் பின்னர் சுருக்கப்பட்டது. ஒதுக்கீடு நிறைவேறிவிட்டால் பருவம் முடிவதற்கு முன்பே மீன்பிடிப்பு மூடப்படுவதும் உண்டு. எனவே, பல மாதங்களுக்கு முன்பே நாள் குறிப்போர், அவ்வாண்டிற்கான அதிகாரபூர்வ அறிவிப்பைப் பார்த்தே குறித்தல் வேண்டும். மூடிய பருவத்தில் பிடிபடும் ஆம்பர்ஜாக் எவ்வளவு பெரிதாயினும் கடலிலேயே விடப்படல் வேண்டும்.

திருப்பி விடப்படும் மீன்

இங்கு எழும் வினா: விடப்படும் மீன் பிழைக்குமா? கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 60 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் ஏழு மடங்கு. மீனின் காற்றுப்பையில் உள்ள வாயு, மீன் மேலே இழுக்கப்படும்போது பாயில் விதிப்படி விரிவடைந்து, மேற்பரப்பில் ஏழு மடங்கு இடத்தை நாடுகிறது. சிவப்பு ஸ்னாப்பர் போன்ற மீன்களில் இவ்வாயு வெளியேற வழியில்லாததால், வயிறு புடைத்து, இரைப்பை வாய்வழியே பிதுங்கி, மீண்டும் ஆழம் செல்ல இயலாது அவை மிதக்கும். செரியோலா இன மீன்களிலோ, விரியும் வாயு செவுள் மூடியின் அருகே வெளியேறுவதற்கு ஒரு சிறு வழி உண்டு. மேலே இழுக்கப்படும் மீனுக்கு முன்னே குமிழிகள் எழுவதைப் படகிலிருந்தே காணலாம். இதனால் ஆம்பர்ஜாக், ஸ்னாப்பரைவிடப் பிழைக்கும் வாய்ப்பு மிக்கது.

ஆயினும், இதை மட்டும் நம்பியிருத்தல் தகாது. வலிமை மிக்க இம்மீன் நெடுநேரம் போராடிக் களைத்துவிடுகிறது. களைத்த மீனைச் சுறாக்கள் பற்றுகின்றன. முள்ளை ஆழ விழுங்கிய மீன் விடப்பட்டாலும் இறக்கக்கூடும். ஆகவே, போராட்டத்தை விரைவில் முடிக்கத்தக்க வலிய கோலும் கயிறும் படகில் இருத்தல் வேண்டும். இயற்கை இரையைப் பயன்படுத்துவோர் வட்டத் தூண்டில்முள்ளையே கையாள வேண்டும் என்னும் விதி 2008-இல் வந்தது. இம்முள்ளின் நுனி உள்நோக்கி வளைந்திருப்பதால், அது தொண்டையிலும் குடலிலும் தைக்காது வழுக்கி வந்து, வாயின் ஓரத்தில் தைக்கிறது. இரை கவ்வப்பட்டதும் கோலை வெடுக்கென இழுக்காமல், கயிற்றைச் சீராகச் சுற்றுவதே இதற்குரிய முறை.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்று, வளைகுடாவில் பாறை மீன் பிடிக்கும் படகுகளில், மீனை எடையுடன் ஆழத்திற்கு இறக்கி விடும் கருவியையோ, வாயுவை வெளியேற்றும் ஊசியையோ ஆயத்தமாக வைத்திருக்குமாறு பணித்தது. இக்கருவி படகில் உண்டா, துணையாள் அதைக் கையாள அறிவாரா என்று பதிவின்போது கேட்பவர், படகைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலையை முடித்தவராவார்.

இனம் அறிதலும் உணவும்

ஆம்பர்ஜாக்கை ஒத்த மூன்று மீன்கள் அக்கடலில் உள்ளன: சிறு ஆம்பர்ஜாக், அல்மாகோ, பட்டை ரட்டர்மீன் என்பன. அல்மாகோவின் இரண்டாம் முதுகுத் துடுப்பு முன்பக்கம் உயர்ந்திருக்கும். சிறு ஆம்பர்ஜாக்கின் முதல் முதுகுத் துடுப்பில் பொதுவாக எட்டு முட்களும், ஆம்பர்ஜாக்கில் ஏழு முட்களும் இருக்கும். இவற்றிற்கான அளவு விதிகள் வேறு வேறானவை. அனுபவமற்ற பிரயாணி இவ்வேறுபாட்டை அலையாடும் படகில் அறிவது அரிது. வழிகாட்டிக்குக் கொடுக்கப்படும் கட்டணத்தில் ஒரு பகுதி இந்த அறிவிற்கே உரியது.

வெப்பப் பிரதேசப் பாறைப் பகுதிகளில் வாழும் பெரிய ஆம்பர்ஜாக்குகளில், நுண்ணுயிர்ப் பாசியொன்றிலிருந்து இரையின் வழியே சேரும் சிகுவாடெரா நஞ்சு சில வேளைகளில் காணப்படும். சமைப்பதாலோ உறைய வைப்பதாலோ இந்நஞ்சு அழியாது. கரீபியன் கடலில் இத்தகைய மீன்களை உண்பதற்கு முன், அவ்விடத்து மீனவரின் அனுபவத்தைக் கேட்டறிதல் நலம்.

கள அலுவலருக்கும் ஆசிரியருக்கும்

முட்டையிடும் காலத்தில் மீனுக்கு ஓய்வு அளித்தல் என்னும் கொள்கை இந்தியக் கள அலுவலருக்கு அந்நியமானதன்று. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் தடை இத்தகையதே. வளைகுடாவின் அனுபவம் காட்டும் கூடுதல் செய்தி யாதெனில், பொழுதுபோக்காகப் பிடிக்கப்படும் மீனும் கணக்கில் சேர்க்கப்படாவிடின், இருப்பின் உண்மை நிலை புலப்படாது என்பதாம். மீனின் நீளத்தைக் குறிக்கும்போது, வாலின் நுனி வரை அளந்ததா, முகவாய் நுனியிலிருந்து வாலின் நடுப்பிளவு வரை அளந்ததா என்பதையும் உடன் குறித்தல் வேண்டும். மேற்கூறிய 34 அங்குலம் இரண்டாவது முறைப்படி அளக்கப்படுவது. இம்முறைகள் கலந்துவிட்டால், ஒரே மீன் ஓர் ஏட்டில் அளவுக்கு உட்பட்டதாகவும் மற்றோர் ஏட்டில் குறைந்ததாகவும் தோன்றும்.

ஆசிரியர்கள், ஊசியற்ற பெரிய மருத்துவப் பீச்சாங்குழல் ஒன்றினுள் சிறிதே காற்றூதிய சிறு பலூனை இட்டு, அதன் முனையை விரலால் மூடித் தண்டை வெளியே இழுத்துக் காட்டலாம். அழுத்தம் குறையக் குறையப் பலூன் பெருப்பதை மாணவர் கண்ணாரக் காண்பர். ஆழத்திலிருந்து மேலே வரும் மீனின் காற்றுப்பைக்கு நேர்வதும் அதுவே. தண்டை முன்போல் உள்ளே தள்ளியதும் பலூன் தன் அளவிற்குத் திரும்பும். மீனை ஆழத்திற்கு இறக்கி விடும் கருவியின் தத்துவமும் இதனால் விளங்கும்.