ஆறாத புண் எதைச் சொல்கிறது?

நெஞ்சில் சீழ் கட்டினால் விலா எலும்புகளுக்கு நடுவே டியூப் செருகி, தண்ணீர் ஊற்றிய பாட்டிலுக்குள் வடியவிடுவார்கள். ஜெர்மானிய மருத்துவர் பூலாவ் 1875-இல் கையாண்ட இந்த முறைதான் இன்றும் தஞ்சாவூர் வரை நடைமுறையில் இருக்கிறது. டியூப்பை எடுத்தபின் துளை பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் மூடிவிடும். ஒரு மாதமாகியும் சீழ் கசிந்தால், கட்டு மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. கோளாறு தோலில் இல்லை, உள்ளே இருக்கிறது.

உள்ளே சீழ்க்குழி மிச்சமிருக்கலாம். விலா எலும்பில் கிருமி ஏறியிருக்கலாம். இருமும்போது புண்ணில் காற்றுக் குமிழ் கிளம்பினால், நுரையீரலில் ஓட்டை இருக்கிறது என்று பொருள். அந்தப் புண்ணுக்குள் மருந்து நீரை விட்டுக் கழுவினால் அது நுரையீரலுக்கே போய்விடும். இவற்றை சி.டி. ஸ்கேன் காட்டிக்கொடுக்கும். சிலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும்.

நம் ஊரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது காசநோய். சீழை ஜீன்எக்ஸ்பர்ட் கருவியில் வைத்தால் சுமார் 2 மணி நேரத்தில் முடிவு வரும். ரிஃபாம்பிசின் மருந்து கேட்குமா என்பதும் தெரியும். ஆனால் அதில் கிருமி தென்படாததாலேயே காசநோய் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரும் திசுப் பரிசோதனையும் வேண்டும்.

இரண்டாவது, டெல்டாவில் மறக்கக் கூடாத மெலியாய்டோசிஸ். ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோர் 1912-இல் விவரித்த நோய் இது. இதன் கிருமி வயல் சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. காலின் வெடிப்பு வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் புகும். சர்க்கரை நோயாளிகளை அதிகம் தாக்கும். காசநோய் போலவே தோற்றம் காட்டும். காசநோய் மாத்திரைக்கோ அடங்காது. முதலில் குறைந்தது இரண்டு வாரம் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி, பிறகு மூன்று மாதமாவது கோட்ரைமாக்ஸசோல் மாத்திரை என நீளும் சிகிச்சை இது.

இரண்டையும் கண்டுபிடிக்கத் தடையாவது பல நேரம் ஒரு சின்னப் பாட்டில்தான். வெட்டியெடுத்த திசு முழுவதையும் ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும்; பிறகு கல்ச்சரில் எதுவும் வளராது. ஒரு துண்டு ஃபார்மலினுக்கு, இன்னொன்று சலைன் ஊற்றிய சுத்தமான பாட்டிலுக்கு என்று பிரித்தே அனுப்ப வேண்டும்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல், முட்டை, பருப்பு, மீன் என்று புரதம் சேராமல் எந்தப் புண்ணும் எளிதில் ஆறாது. காசநோயாளிகளின் சத்துணவுக்கு அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது, கேட்டு வாங்குங்கள்.

வயலில் இறங்குபவரா, சர்க்கரை உண்டா என்பதை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். "சீழை கல்ச்சருக்கு அனுப்பியாச்சா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.