அளவைச் சரிசெய்த அன்னா மணி

வானிலை விஞ்ஞானி என்றதும் புயல் எங்கே கரையைக் கடக்கும் என்று தொலைக்காட்சியில் சொல்பவரே பலருக்கும் நினைவுக்கு வருவார். அந்தக் கணிப்பு எந்த எண்களிலிருந்து பிறக்கிறது, அவை சரியானவைதானா என்று கேட்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர் அன்னா மணி. 1918-ல் திருவிதாங்கூரின் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். கருவிகளைச் சீராக்குவது ஆய்வுக்கு முந்தைய எடுபிடி வேலை என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. அது தவறு என்பதற்கு அவர் வாழ்க்கையைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரமும் மாணிக்கமும் ஒளிரும் விதத்தை அவர் ஆராய்ந்தார். ஒரு நிறமாலைப் படம் தகட்டில் பதியவே 15 முதல் 20 மணி நேரம் பிடிக்கும். தனியொருவராக ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டும், முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தரவில்லை. இது அநியாயம்தான். 1945-ல் உதவித்தொகை பெற்று லண்டன் சென்றவர், அங்கு வானிலைக் கருவிகளைக் கற்றார். 1948-ல் திரும்பி வந்து புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தபோது, நாடு பெரும்பாலும் இறக்குமதிக் கருவிகளையே நம்பியிருந்தது. நூறு வகைக்கு நெருக்கமான கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தி, அவற்றை இங்கேயே செய்ய வழிவகுத்தார்.

இது தொழிற்பட்டறை வேலைதானே, இதில் ஆராய்ச்சி எங்கே என்று கேட்கலாம். சூரியக் கதிர்வீச்சுமானியைக் கிட்டே போய்ப் பாருங்கள். கண்ணாடிக் குமிழுக்குள் கறுப்புப் பூசிய ஒரு தட்டு. வெயிலில் அது சூடாகும்போது அடியில் மிகச் சிறு மின்னழுத்தம் உண்டாகிறது. குமிழில் தூசி படிந்தாலோ, தட்டு சற்றுச் சாய்ந்தாலோ, கறுப்பு வெளுத்தாலோ எண் மாறிவிடும். மாறியது வானமா, கருவியா என்று பிரித்தறிய இயற்பியல் தெரிந்திருக்க வேண்டும். காற்றில் இது இன்னும் கடுமை. காற்றாலைக்குக் கிடைக்கும் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்பக் கூடுவது. வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டி அளந்துவிட்டால், ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தெரியும். போட்ட முதல் திரும்பாது. 1976-ல் ஓய்வு பெற்ற பின்னும் அவர் நாட்டின் காற்று வளத்தை அளந்து தொகுத்ததன் அருமை, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும்.

செயற்கைக்கோள் வந்த பிறகும் இதெல்லாம் தேவையா என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான், கடலையும் பாலையையும் மேலிருந்து பார்க்கும் வசதிக்கு ஈடில்லை. ஆனால் செயற்கைக்கோள் ஒளியை அளந்து வெப்பத்தையும் ஓசோனையும் கணக்கிட்டுச் சொல்கிறது. அந்தக் கணக்கு சரியா என்று பார்க்கத் தரையிலும் பலூனிலும் அளந்த எண்கள் வேண்டும். அன்டார்டிகாவின் ஓசோன் ஓட்டையை 1985-ல் உலகுக்கு அறிவித்த பிரிட்டிஷ் விஞ்ஞானிகள், ஹாலி நிலையத்தில் தரைக் கருவி பல்லாண்டு பதிந்த அளவுகளைக் கொண்டே சொன்னார்கள். அன்னா மணியின் குழு அதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே, 1960-களில், பலூனில் ஏற்றி ஓசோனை அளக்கும் கருவியை இந்தியாவில் உருவாக்கியிருந்தது. ஓசோன் பெரும் செய்தியாகாத காலம் அது.

புதிய ரேடாருக்கும் செயற்கைக்கோளுக்கும் பணம் ஒதுக்கும்போது, மாவட்டந்தோறும் நிற்கும் மழைமானியையும் காற்றுமானியையும் ஒப்பிட்டுத் திருத்தும் கூடங்களுக்கும் அரசு ஒதுக்க வேண்டும். அங்கே வேலை செய்பவர்களை விஞ்ஞானிகளாகவே நடத்த வேண்டும்.