பதினெட்டு மாதமும் பதினெட்டு வயதும்

தமிழகத்தின் வட எல்லையைத் தாண்டியதும் வரும் தடாவில், ஒரு குழந்தையின் காதில் இரண்டு மூன்று மொழிகள் விழுவது இயல்பு. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம். ஸ்ரீசிட்டித் தொழிற்சாலைகளுக்கு வெளிமாநிலத்தவர் வந்த பின்னர் அண்டை வீட்டில் இந்தியும் கேட்கிறது. ஆகையால், இரண்டு வயதாகியும் பேசாத பிள்ளையைக் குறித்துப் பெரியவர்கள் கூறும் சமாதானம் ஒன்றுண்டு: "இரண்டு பாஷையில் குழம்பியிருக்கிறான், தானாகப் பேசுவான்." அவனுடைய தகப்பனாரும் தாமதமாகத்தான் பேசினார் என்பது அடுத்த சமாதானம். நாவில் வசம்பு தேய்ப்பதும் நடக்கும். இவ்வாறே ஓராண்டு கழிந்துவிடுகிறது.

இருமொழிச் சூழல் ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளும் இரு மொழிகளைக் கற்க இயலும் என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே, வீட்டுத் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள் என எவரேனும் கூறினால் அதனை ஏற்க வேண்டியதில்லை.

பெற்றோர் கவனிக்க வேண்டியது சொற்களை மட்டுமன்று. அவற்றுக்கு முன்னரே வரவேண்டிய சுட்டுவிரலை. சோறூட்டும் தாய் நிலாவைக் காட்டுகிறாள். பிள்ளை நிலாவைப் பார்த்துவிட்டு, "நீயும் பார்த்தாயா?" என்பதுபோல் தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. மறுநாள் தானே விரல் நீட்டி, போகிற ரயிலைக் காட்டுகிறது. கண்டதைப் பிறருடன் பகிர்ந்துகொள்ளும் இந்தச் சிறு செயல் பதினெட்டு மாதத்துக்குள் வந்திருக்க வேண்டும். அது வராமை, பெயர் சொல்லி அழைத்தும் பலமுறை திரும்பாமை, வேண்டியதைக் கேட்காமல் பிறர் கையைப் பிடித்து இழுத்துச் சென்று அப்பொருளின் மேல் வைத்தல், பொம்மை வண்டியை ஓட்டாமல் அதன் சக்கரத்தை மட்டும் நெடுநேரம் சுழற்றுதல் ஆகியவை சேர்ந்து காணப்பட்டால் மருத்துவரை அணுகுவதே முறை. இவற்றுள் ஒன்றைக் கண்டதும் அஞ்ச வேண்டாம். ஆனால் காத்திருக்கவும் வேண்டாம். காது கேட்கிறதா என்னும் சோதனை முதலில் நடைபெற வேண்டும்.

1943இல் மருத்துவர் லியோ கானர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து இன்றைய அறிவு வளர்ந்தது. ஆட்டிசம் தொற்றும் நோயன்று; மூளை வளர்ச்சியில் அமைந்த வேறுபாடு. தாயின் அன்புக் குறைவே காரணம் என ஒரு காலத்தில் மேலைநாட்டு மருத்துவர் சிலர் கூறியது தவறென்று கைவிடப்பட்டது. தடுப்பூசியைக் குற்றஞ்சாட்டிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றது. அரசு ஆவணங்களில் காணப்படும் "புற உலகச் சிந்தனையற்றோர்" என்னும் சொல்லாட்சியும் பொருத்தமாகத் தோன்றவில்லை. மிக்சியின் இரைச்சலுக்குக் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தைக்குப் புற உலகம் தேவைக்கு மேலாகவே உள்ளே வருகிறது.

குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கண்டறிய, 2013இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு வருகின்றன. தெற்கே முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் இயங்குகிறது. பேச்சுப் பயிற்சியும் செயல்முறைப் பயிற்சியும் எத்துணை விரைவில் தொடங்குகின்றனவோ, அத்துணை பயன் உண்டு.

இனி, வங்கியோடு தொடர்புடைய செய்தி. சிறுவர் கணக்கைக் காப்பாளராகப் பெற்றோர் இயக்கலாம். பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைந்ததும் அந்த உரிமை முடிவடைகிறது. மகனோ மகளோ தாமே கணக்கை இயக்க இயலாத நிலையில் இருந்தால், பெற்றோர் திகைத்து நிற்கும் இடம் இதுவே. இதற்கெனவே 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி செய்துள்ளது. மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர் நிலைக் குழு வழங்கும் சட்டப்படியான காப்பாளர் சான்றிதழைக் கொண்டு வங்கிகள் கணக்கைத் தொடங்கவும் இயக்கவும் அனுமதிக்கலாம் என 2007இல் ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியது. தடா 2022 ஏப்ரலில் நெல்லூரிலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாறியதால், பழைய நினைவில் நெல்லூருக்குச் செல்லாமல் திருப்பதி ஆட்சியர் அலுவலகத்தையே அணுக வேண்டும். அதே சட்டத்தின்கீழ் அமைந்த அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு, ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுகளுக்கு உதவுகிறது. மாற்றுத்திறனாளிச் சான்று, 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்டிசத்துக்கும் உண்டு. அதனை முன்கூட்டியே பெற்று வைத்தல் நலம்.

ஆட்டிசம் உள்ள எல்லோருக்கும் காப்பாளர் தேவை என எண்ணிவிடலாகாது. கையெழுத்திடவும் தம் பணத்தை அறிந்து செலவிடவும் வல்லவர்கள் பலர் உளர். அவர்கள் தம் பெயரிலேயே கணக்கு வைத்துக்கொள்ளலாம். பத்து வயது நிறைந்த சிறுவர்கள் தாமே இயக்கும் சேமிப்புக் கணக்கும் வங்கிகளில் உண்டு. கூட்டம் குறைந்த முற்பகல் வேளையில் பிள்ளையைக் கிளைக்கு அழைத்து வந்து, பணம் செலுத்தும் சீட்டை அவர் கையாலேயே நிரப்பச் செய்யலாம். அவர் ஒரே கேள்வியை நான்கு முறை கேட்டாலும் ஊழியர்கள் நான்கு முறையும் விடை கூறுவார்கள்.