மதகை மூடினால் மட்டும் போதுமா? சர்வரில் தரவைத் தேக்கும் முறை

பாகான் நக்கோடா ஓமார் உள்ளிட்ட சபாக் பெர்ணம் கரையோரங்களில் கடல் பெருகும்போது வடிகால் மதகுகள் மூடப்படுகின்றன. தோட்டங்களிலும் வயல்களிலும் இருந்து வரும் நீர் அதுவரை வடிகாலில் தேங்கி நிற்கும். கடல் வற்றியதும் மதகு திறக்கும். கனமழையும் கடல் பெருக்கும் ஒன்றாக வந்தால் வடிகால் நிரம்பி வழியும்.

இணையச் சேவைகளை இயக்கும் சர்வர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. 2009ஆம் ஆண்டில் ரையன் டால் உருவாக்கிய நோட்.ஜேஎஸ், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களைச் சர்வரில் இயக்கும் மென்பொருள். மாணவர் ஒருவர் உபகாரச் சம்பளத்திற்காகச் சான்றிதழைப் பதிவேற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோப்பு துண்டு துண்டாகவே வந்து சேரும். அவர் யார் என்பதைச் சர்வர் முதலில் தரவுத்தளத்தில் சரிபார்க்க வேண்டும். அந்தச் சில மில்லி விநாடிகளில் வந்து சேரும் துண்டுகளை யார் பிடித்து வைப்பது?

தொடக்கப் பதிப்புகளில் அதற்கு உறுதியான ஏற்பாடு இல்லை. 'பாஸ்' என்று நிறுத்தச் சொன்ன பிறகும் துண்டுகள் வரக்கூடும்; வாங்க ஆளில்லாவிட்டால் அவை தொலைந்துபோகும். 2013 மார்ச்சில் வெளிவந்த 0.10 பதிப்பு இதை மாற்றியது. நிரல் கேட்கும்வரை தரவு 'பஃபர்' எனும் தேக்கத்தில் காத்திருக்கும். தேக்கம் நிரம்பினால் சர்வர் இணைப்பிலிருந்து படிப்பதை நிறுத்தும். அனுப்பும் கைப்பேசியின் வேகமும் தானாகக் குறையும்.

இந்தத் தேக்கத்தின் அளவுக்கு 'ஹைவாட்டர்மார்க்', அதாவது உயர் நீர்மட்டக் குறி என்றே பெயர். பொதுவாக 16 கிலோபைட்டாக இருந்த இது, 2024இல் வந்த 22ஆம் பதிப்பில் 64 கிலோபைட்டாக உயர்ந்தது. ஆனால், இது எச்சரிக்கைக் கோடு மட்டுமே. தடுப்புச் சுவர் அல்ல. எழுதும் பக்கத்தில் தரவு இக்கோட்டைத் தொட்டதும் 'ரைட்' கட்டளை 'ஃபால்ஸ்' என்று பதில் தரும். 'டிரெய்ன்', அதாவது வடிந்துவிட்டது என்ற அறிவிப்பு வரும்வரை நிரல் பொறுக்க வேண்டும். பொறுக்காமல் எழுதிக்கொண்டே போனால் நினைவகம் நிரம்பிச் சர்வர் நின்றுவிடும்.

2018இல் 10ஆம் பதிப்புடன் வந்த 'பைப்லைன்' இந்த நிறுத்தலையும் திறத்தலையும் தானே கவனித்துக்கொள்கிறது. வழியில் பிழை நேர்ந்தால் ஓட்டத்தை முறையாக மூடியும் விடுகிறது. நிரல் எழுதப் பழகும் நம் இளைஞர்கள் இதிலிருந்து தொடங்குவது நல்லது. சிறிய கோப்பை வைத்துச் சோதித்தால் இந்தக் குறை கண்ணில் படாது. விண்ணப்பத்தின் கடைசி நாளில், எல்லாரும் ஒரே நேரத்தில் பதிவேற்றும்போதுதான் அது வெளிப்படும். அப்போது பாதிக்கப்படுவது நிரல் எழுதியவர் மட்டுமல்ல, விண்ணப்பித்த மாணவரும்தான்.